பச்சை உறைக்குள் இருந்த பாரசீகம்

ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் துவர்ப்பு நெடி எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் நடை பழகுவதற்கு முன்பே மூக்கில் ஏறிவிடும். திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம், தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிக் குடியிருந்த எங்களுக்கு அது நெடி என்றே தெரியாது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தும்போதுதான் நினைவு வரும். அந்த நெடி நுழையாத இடம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உள்ளறையில், ஆள் உயரத்துக்கும் மேலே அடித்த பலகையில் ஒரு தகரப் பெட்டி. அதைத் திறந்த மாத்திரத்தில் கிராம்பும் சூடமும் பழைய அத்தரும் கலந்த ஒரு வாசம் கிளம்பி, அறை முழுக்க நிறைந்து, வாசல் வரைக்கும் வரும். விளையாடிக்கொண்டிருந்த நாங்கள் அப்படியே நின்றுவிடுவோம். "பெட்டி தொறந்துட்டாங்கடா" என்று ஒருவன் சொல்வான். தெருவில் யாரோ சத்தியம் செய்யப்போகிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

பெட்டிக்குள் பச்சைப் பட்டு உறை. உறைக்குள் மடித்த ஒரு துணி. வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது, "துணி" என்றாலே அதுதான். மற்றவற்றையெல்லாம் சேலை, கைலி, துண்டு என்று பெயர் சொல்லியாக வேண்டும். என் பாட்டனாரின் பாட்டனாருக்கு நவாபு காலத்துப் படையோடு வந்த யாரோ கொடுத்தது என்று சொல்வார்கள். உறையின் ஓரத்தில் இருந்த கிழிசல் வழியாகக் கருஞ்சிவப்பில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் தெரியும். குர்ஆன் ஓதுற பள்ளியில் நாங்கள் படித்த எழுத்து நிமிர்ந்து நிற்கும், மேலும் கீழும் குறிகள் இருக்கும். இந்த எழுத்தோ குறிகளே இல்லாமல், சாய்ந்து, ஒன்றின் தோள்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். புரியாததாலேயே அதன்மேல் எங்களுக்குப் பயம் அதிகம். ஓதுற வசனம் என்றே மூன்று தலைமுறை நம்பியது. என் பாட்டனார் தினமும் காலையில் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, உதட்டில் வைத்து முத்திவிட்டுத்தான் தோல் ஷாப்புக்குக் கிளம்புவாராம். பிரிக்கக் கூடாது என்பது அவர் வைத்த கட்டளை. அவர் போன பிறகும் யாரும் பிரிக்கவில்லை.

தெருவில் வழக்கு என்றால் துணிதான் தீர்ப்பு. கோழி காணாமல் போனாலும் சரி, குழாயடியில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்ற பேச்சானாலும் சரி, "துணி மேல கை வையி பாப்பம்" என்றதும் பொய்யர்கள் பாதிப்பேர் வழியிலேயே திரும்பிவிடுவார்கள். பள்ளிவாசல் அஜரத் ஒருவர், சத்தியம் என்றால் அல்லாஹ்வின் பேரில் மட்டும்தான், துணியின் பேரில் எல்லாம் கூடாது என்று பலமுறை சொல்லிப் பார்த்தார், கேட்பாரில்லை. பெரியத்தாவின் மனைவி, எங்கள் பெரியம்மா, பொய்ச் சத்தியம் செய்த ஒருவன் கதையை மாதம் ஒருமுறையாவது சொல்வார்: "மறுநா விடியல்ல எந்திரிச்சுப் பாத்தா, வச்ச கை கருவாடாட்டம் காஞ்சு தொங்குதாம்ல." கேட்ட நாளெல்லாம் நான் என் வலது கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். எனக்கு அப்போது பத்து வயது. அஞ்சாம் வகுப்பு முடித்திருந்தேன். அதோடு படிப்பும் முடிந்திருந்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் வாய் திறக்காது. "இவன் வாயில கொழுக்கட்டை" என்று பெரியத்தா கேலி செய்வார், ஆனால் செய்துவிட்டு முதுகில் தட்டுவார்.

பெரியத்தா என்றால் எங்கள் அத்தாவின், தகப்பனாரின், ஒரே அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே முற்றம், ஒரே கிணறு. அம்மா வைத்த குழம்பு அங்கே போகும், பெரியம்மா பொரித்த கறி இங்கே வரும். எந்த வீட்டில் சாப்பிட்டோம் என்று சாயங்காலம் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அப்படி இருந்த குடும்பம் என் அண்ணன் கல்யாணத்தில் உடைந்தது.

உடைத்தது ஒரு பிரியாணித் தேக்சா. தம் போட்ட தேக்சாவின் மூடியைச் சுற்றிக் கோதுமை மாவை ஒட்டியிருப்பார்கள். வெந்ததும் அந்த மாவை உடைத்து மூடியைத் தூக்குவது எங்கள் குடும்பத்தில் மூத்தவருக்கு உரியது. அவர் "பிஸ்மி" சொல்லித் திறந்த பிறகுதான் சமையல்காரப் பண்டாரி கரண்டியைப் போடுவார். கல்யாணத்தன்று மூத்தவரான பெரியத்தாவைக் காணோம். சிறுமலைக்குப் போயிருந்தார். தம்பி மகன் கல்யாணத்துக்கு மலைவாழைப் பழம்தான் போடவேண்டும், அதையும் தன் கண்ணால் பார்த்துத்தான் எடுக்கவேண்டும் என்று முதல் நாளே பஸ் ஏறியவர். திரும்பும்போது மலைப்பாதை வளைவில் பஸ் நின்றுவிட்டது. எங்களுக்கு அது தெரியாது. பந்தலில் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துச் சம்பந்தி வீட்டார் நூறு பேர் உட்கார்ந்திருக்க, பெண்ணின் மாமா ஒருவர் இரண்டாவது முறை கடிகாரத்தைப் பார்க்க, அத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

மூடி திறக்கும்போது எழும் ஆவியை முகத்தில் வாங்குவதற்காக நான் தேக்சாவை ஒட்டி நின்றிருந்தேன். அதனால்தான் எனக்கு அது கேட்டது. "அண்ணன் வந்தா என்ன, வராட்டி என்ன? சோறு வெந்துருச்சுல்ல, உடைங்கய்யா" என்றார் அத்தா. பண்டாரி சிரித்துக்கொண்டே உடைத்தார். முதல் பந்தி பாதியில் இருக்கும்போது பெரியத்தா வந்தார். சட்டையெல்லாம் புழுதி, தோளில் ஒரு முழு வாழைத்தார், மலையிலிருந்து பாதி தூரம் நடந்து, பிறகு ஒரு லாரியைப் பிடித்து வந்திருந்தார். திறந்த தேக்சாவைப் பார்த்தார். வேலை மும்முரத்தில் இருந்த பண்டாரி, வேடிக்கை என்று நினைத்து அத்தா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டார். பெரியத்தா தாரைப் பந்தல்காலில் மெதுவாகச் சாய்த்துவைத்தார். கை நனைக்காமல் போய்விட்டார்.

மறுநாள் தெருவில் கேட்டபோது அத்தா, "நான் அப்படிச் சொல்லவே இல்ல, பண்டாரி கட்டி விடுறான்" என்றார். ஒருமுறை சொன்ன பொய்யை நாலு பேர் முன்னால் மாற்றுவது ஆண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று, நான் காதால் கேட்டதை அத்தா ஏன் இல்லை என்கிறார் என்றுதான் விளங்கவில்லை. அந்த வாழைத்தார் எங்கள் வீட்டில் பழுத்து, தேன் வாசம் அடித்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் போய்த் தீர்ந்தது. அத்தா ஒரு பழம்கூடத் தொடவில்லை. மூன்று மாதம் முற்றத்தில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியே நடந்தார்கள். ஒருநாள் காலை மாட்டுவண்டியில் செங்கல் வந்து இறங்கியது. முற்றத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பப்போகிறார் பெரியத்தா.

தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் ஓடி வந்து பேசினார்கள். பெரியத்தா பிடித்த பிடியில் நின்றார். "அவன் சொல்லலைன்னா துணி மேல கை வச்சுச் சொல்லட்டும். சொல்லிட்டான்னா இம்புட்டு செங்கல்லையும் நானே திருப்பி அனுப்பிடுறேன்." அத்தா செங்கல் அடுக்கைப் பார்த்தார். பிறகு, "வைக்கிறேன்" என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் என்று முடிவானது.

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சுவர் வேண்டாமென்றால் அத்தா பொய்ச் சத்தியம் செய்தாக வேண்டும்; செய்தால் கை காய்ந்துவிடும். தோலைத் தடவிப் பார்த்தே இது முதல் தரம், இது கழிவு என்று பிரிக்கிற கை அது. சாப்பிடும்போது, வெற்றிலை மடிக்கும்போது, சைக்கிள் பெல்லை அடிக்கும்போது எல்லாம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அம்மா புது மருமகளைக் கூப்பிட்டார். எங்கள் மதினிக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆம்பூர்க்காரர்; அவர் "இன்னா" என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். வந்த புதிதில் அம்மா "வெஞ்சனம் எடுத்து வையி" என்று சொல்ல, அது என்னவென்று தெரியாமல் அடுப்படி முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் விளக்குமாற்றைக் கொண்டுவந்து நீட்டியவர். தொட்டுக்கொள்ளும் கறிக்கு அப்படி ஒரு பெயர் என்று அவருக்கு யார் சொன்னது? அம்மாவுக்கு மூட்டுவலி, முக்காலியில் ஏற முடியாது. "கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டுப் பெட்டிய எறக்கி, புதுக் கிராம்பு போட்டு வைம்மா. பிரிச்சிடாத" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பெட்டி இறங்கியது. மதினி உறையை இரண்டு கையாலும் தூக்கினார். பூச்சி அரித்த பட்டு, கையிலேயே பொடிந்தது. துணி நழுவித் தரையில் விழுந்து, தானே உருண்டு உருண்டு பிரிந்து, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஓடியது. நூறு வருஷம் யாரும் பார்க்காததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் மாதுளம்பூக் கொடிகள், நாலு ஓரத்திலும் அந்தச் சாய்ந்த எழுத்துகள் வரிசை வரிசையாக. மதினி குனிந்து பார்த்தார். உதடுகள் அசைந்தன. முழங்காலில் நகர்ந்து நகர்ந்து ஒரு ஓரம் முழுக்கப் போனார். பிறகு முக்காட்டை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, இது ஓதுறது இல்ல. ஃபார்ஸி. பாட்டு."

"பாட்டா?"

"சாப்பிடறப்போ எப்டி நடந்துக்கணும்னு பாட்டு. இது தஸ்தர்கான் தம்பி, சோறு துன்ற விரிப்பு. இங்க பாரு" என்று நடுவில் விரலை வைத்தார். மாதுளம்பூவுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கறை. கொஞ்சம் தள்ளி, சூடான பாத்திரம் வைத்ததில் பழுப்பேறிய வட்டம். எந்தக் காலத்திலோ யாரோ குழம்பைச் சிந்தியிருக்கிறார்கள்.

மதினியின் தகப்பனார் ஆம்பூரில் உருது வாத்தியார். பாரசீகப் பாட்டு என்றால் உயிர் அவருக்கு. பல் விளக்கும்போதும் பாடுவாராம், பேரம் பேசும்போதும் பாடுவாராம், அந்தப் பழைய கவிகள் எல்லாம் அரண்மனைக்கு மட்டும் பாடவில்லை, பக்கத்து வீட்டுக்காரனோடு எப்படி இருப்பது, வாயை எப்போது மூடுவது, உள்ளதை வைத்து எப்படிச் சந்தோஷப்படுவது என்று அன்றாடத்துக்குத்தான் பாடினார்கள் என்பாராம். மகளுக்குக் கொலுசு வாங்கித் தருகிறேன் என்று ஆசைகாட்டியே அந்த மொழியைப் படிக்க வைத்துவிட்டார். "கொலுசு வரவேல்ல" என்றார் மதினி. "வரிதான் மனசுல நின்னுச்சு."

எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முதுகில் இருந்து ஒரு மூட்டை உப்புத்தோலை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. "அப்ப அத்தா கைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டுவிட்டேன். மதினி சிரிப்பை நிறுத்தினார். ஏன் ஆகவேண்டும் என்று கேட்டார். மூன்று மாதம் யாரிடமும் சொல்லாததை, தேக்சா பக்கத்தில் நின்று கேட்டதை, அவரிடம் சொன்னேன். கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டதும் அவர் அவசரமாகத் துணியை மடித்து, தன்னுடைய பச்சைத் தாவணி ஒன்றில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "நான் படிச்சேன்னு யாராண்டயும் சொல்லிடாத. வந்து நாலு மாசம்கூட முழுசா ஆகல, உங்க வூட்டு பரக்கத்தான துணிய சோத்து விரிப்புன்னு சொன்னா என்ன ஆம்பூருக்கே அனுப்பிச்சிடுவாங்க." சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். எதன்மேல் சத்தியம் செய்வது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையெல்லாம் என் கால் தரையில் பாவவில்லை. தெருவே கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, எனக்கும் மதினிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என் நாக்கு நுனி வரை வந்து வந்து போனது. ஜும்ஆ முடிந்தது. செங்கல் அடுக்கின் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் பலகை போட்டு, பலகையில் துணியை வைத்தார்கள். பெரியத்தா ஒரு பக்கம், தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் நடுவில். பெண்கள் நிலைப்படிக்கு உள்ளே. அத்தா கிணற்றடியில் முழங்கை வரை மூன்று முறை கழுவினார். வந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

அந்தக் கை ஈரம் சொட்டச் சொட்ட, துணிக்கு ஒரு சாண் மேலே நின்றது, இறங்கவில்லை. அத்தா அதை நம்பினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என்னைப் போலவே அவரும் இரவெல்லாம் அந்தக் கையைப் பார்த்திருப்பார். நாலு பேர் முன்னால் பேசாத நான், எப்படி எழுந்தேன் என்று தெரியாது, அவருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னேன்:

"வைங்கத்தா, பயப்படாதீங்க. கை காயாது. அது வெறும் சோத்து விரிப்பு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. உண்மை பேசுகிறவனுக்குக் கை ஏன் காயவேண்டும்? முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துவிட்டு, பிறகு அத்தாவைப் பார்த்தார்கள். அத்தாவின் கை மடிக்குத் திரும்பிப் போய்விட்டது.

"ஏலே, என்னடா சொன்ன?" என்றார் பெரியத்தா. "சோத்து விரிப்பா? யாரு சொன்னா ஒனக்கு?"

மதினிக்குக் கொடுத்த வாக்கைப் பாதி உடைத்துவிட்டேன், மீதியை உடைக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெரியத்தா எழுந்து என் பக்கம் வர, நிலைப்படியில் வளையல் சத்தம் கேட்டது.

"நான்தாங்க சொன்னேன் மாமா" என்று மதினி வெளியே வந்தார். முக்காட்டுக்கு வெளியே தெரிந்த முகம் வெளுத்திருந்தது. உள்ளேயிருந்து அம்மா, "ஏ புள்ள, உள்ள வா" என்று அடிக்குரலில் கூப்பிட்டது எல்லோருக்கும் கேட்டது. மதினி போகவில்லை. பலகை முன்னால் மண்டியிட்டு, துணியைப் பிரித்தார். ஒரு பெரியவர் "தவ்பா, தவ்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். துணி ஜமுக்காளத்தைத் தாண்டிச் செங்கல் வரைக்கும் போனது.

மதினி முதலில் அந்த மொழியில் படித்தார். நான் அதுவரை கேட்காத ஓசை அது. ஊஞ்சல் போல ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. பிறகு தமிழில் கருத்தைச் சொன்னார். கவளம் வாயில் இருக்கும்போது பேசாதே, பேசினால் இரண்டுமே கீழே சிந்தும் என்று ஒன்று. பக்கத்தில் இருப்பவன் எத்தனை துண்டு கறி எடுத்தான் என்று பார்க்கிற கண், தன் தட்டில் இருப்பதன் ருசியை அறியாது என்று ஒன்று. உள்ளே பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது, பெரியம்மாதான். "இது ஒங்க பெரியத்தாவுக்குன்னே எழுதினது" என்றார். அடுத்த வரிக்கு வந்தபோது மதினியின் குரல் இறங்கியது. சாப்பிட வந்தவனைச் சொன்ன சொல் முள்ளாகத் தொண்டையில் நிற்கும். கடல் முழுக்கக் குடித்தாலும் இறங்காது. சொன்னவன் விரலால்தான் எடுக்கவேண்டும்.

அத்தா குனிந்த தலையோடு, "சொன்னேன்ணே" என்றார். "வந்தா என்ன வராட்டி என்னன்னு சொன்னேன். சம்பந்தி வீட்டுக்காரங்க மொறைச்சுட்டு இருந்தாங்க, வாயில வந்துருச்சு. அப்பறம் நீங்க தாரத் தோள்ல வச்சுக்கிட்டு வந்து நின்னீகளா, எனக்கு மொகத்தப் பாக்க முடியல. அதான் சொல்லலன்னுட்டேன்."

பெரியத்தா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கறையின் பக்கம் குனிந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஏம்மா, இது என்ன?"

"கொழம்பு மாமா."

"எங்கத்தா தெனம் காலையில இதத்தான் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனாரு" என்றார் பெரியத்தா. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தோம். "கொழம்பு, ஏலே, கொழம்புக் கறைய அறுவது வருஷம் முத்தியிருக்காருடா மனுசன்" என்று அவர் சொன்னபோது அத்தாவும் உடைந்துவிட்டார். இரண்டு பேரும் முழங்காலில் கைவைத்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தார்கள். தெருப் பெரியவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தாங்களும் அந்தத் துணிக்குப் பயந்து எத்தனை வழக்கில் தோற்றோம் என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் பெரியத்தா லேசுப்பட்டவர் இல்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்ததும் குரல் மாறியது. "சொன்னது தப்பில்லடா. சொல்லலேன்னு ஊரு முன்னால என்னயப் பொய்யனாக்குன பாரு, அதுதான் தப்பு" என்றார். அத்தா, "ஆமாண்ணே" என்றார். அதற்கு மேல் மன்னிப்பு என்று ஒரு சொல்லை இரண்டு பேருமே உச்சரிக்கவில்லை. பெரியத்தா மதினியைப் பார்த்து, "சோத்து விரிப்புன்னா சோறு எங்கம்மா? சும்மா விரிச்சு வச்சா அதுக்குப் பசிக்காதா?" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். நெய்ச்சோறும் தாளிச்சாவும் வந்தன. பெரியம்மா வீட்டிலிருந்து வெஞ்சனம் வந்தது. அந்தப் பெரியவர்கள் இரண்டு பேரையும் போகவிடவில்லை. சாப்பிடும்போது பெரியத்தா வேண்டுமென்றே ஒரு துளி தாளிச்சாவைப் பூவின்மேல் சிந்தி, "முத்துறவங்க முத்திக்கலாம்" என்றார். மதினியை ஆம்பூருக்கு யாரும் அனுப்பவில்லை. அம்மா மட்டும் இரண்டு நாள், பிரிக்காதே என்று சொன்னதைப் பிரித்ததற்காக முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலம்தான் என் வாழ்க்கையிலேயே அதிகமாகப் படபடத்த காலம். துணியில் எல்லா வரியும் மதினிக்கு விளங்கிவிடவில்லை. சில இடத்தில் பூச்சி அரித்திருந்தது, சில சொல் அவருக்குத் தெரியாது. அவற்றை ஒரு தாளில் வரைந்து ஆம்பூருக்குக் கடுதாசி போடுவார். தபால்காரர் தெருமுனையில் திரும்பியதும் நான் ஓடுவேன். எனக்குப் பின்னால் பெரியத்தா ஓடுவார். இரண்டு வீடும் முற்றத்தில் கூடி நிற்க, மதினி உறையைக் கிழிப்பார். ஒரு கடிதத்தில், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு பங்காவதில்லை, பசிதான் பங்காகிறது என்று வந்தது. இன்னொன்றில், வாசலில் நிற்கிறவனுக்கு இல்லை என்று சொல்லும்போதாவது கதவை முழுசாகத் திறந்து சொல் என்று வந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து பெரியம்மா பிச்சைக்காரர்களுக்கு ஜன்னல் வழியாகக் கையாட்டுவதை விட்டுவிட்டார். ஒரு வரிக்கு வாத்தியாராலேயே பொருள் சொல்ல முடியவில்லை. வேலூரில் யாரிடமோ கேட்டு எழுதுகிறேன் என்றார். அந்தப் பதில் வரவே இல்லை.

இந்த வரிகள் வீட்டில் சண்டைக்கும் உதவின. அண்ணன் மதினியிடம் கோபமாகப் பேசினால், "மூணாவது ஓரம், ரெண்டாவது வரி" என்பார் மதினி, அண்ணன் தலையைச் சொறிவார். பெரியத்தா அடுத்தவர் தட்டைப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தொண்டையைக் கனைப்போம். பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடி படித்தபோது அது பரீட்சைக்கு உரியது என்று இருந்தேன். ஒரு வரி நம் வீட்டு முற்றத்தில் இறங்கி, பேர் சொல்லி ஆளைக் கூப்பிடும் என்று அந்த மழைக்காலத்தில்தான் கண்டேன். செங்கல் அப்படியே கிடந்து பாசி பிடித்தது. பிறகு அதை எடுத்துக் கிணற்றடியில் துவைக்கிற மேடை கட்டினார்கள். தெரு வழக்குகளுக்கு வேறு வழி பார்க்கச் சொல்லிவிட்டார் பெரியத்தா. கொஞ்ச நாள் எங்களைக் கேலி செய்தார்கள்தான். "விரிப்பு வீடு" என்று பேர்கூட வைத்தார்கள்.

நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அத்தாவும் இல்லை, பெரியத்தாவும் இல்லை. கிணற்றை மூடி ஆழ்துளை போட்டாயிற்று. எங்கள் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் பல பூட்டிக்கிடக்கின்றன, ஆவாரம்பட்டை நெடிகூட இப்போது மழை பெய்தால்தான் மண்ணிலிருந்து லேசாக வருகிறது. கல்யாண மண்டபத்தில் மேசைமேல் வெள்ளைக் காகிதத்தை உருட்டிவிடுகிறார்கள். பந்தி எழுந்ததும் எச்சில் இலையோடு அதையும் சுருட்டி எறிகிறார்கள். ஆம்பூர் வாத்தியார் போன பிறகு மதினி எழுத ஆளில்லாமல் அந்த மொழியையே பாதி மறந்துவிட்டேன் என்கிறார்.

போன மாதம் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு தம்பி விசாரித்துக்கொண்டு வந்தார். பழைய பாரசீக எழுத்துள்ள துணி உங்கள் வீட்டில் இருக்கிறதாமே, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இல்லை என்றேன். என்ன ஆயிற்று என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் விரித்தோம், பெருநாளைக்கு விரித்தோம், நிச்சயதார்த்தத்துக்கு விரித்தோம், சிந்தினோம், துவைத்தோம், வெயிலில் போட்டோம். ஓரம் முதலில் நைந்தது, வரி வரியாக எழுத்து போனது, பிறகு நடுவில் கிழிந்தது, அம்மா ஒட்டுப்போட்டார், ஒட்டும் கிழிந்தது, மிச்சம் அடுப்பில் சட்டி இறக்கும் கந்தலாகி அதுவும் ஒருநாள் இல்லாமல் போனது. அந்தத் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். "உங்க பாட்டனார் காலத்துல மாதிரி பெட்டியிலயே வச்சிருந்தா இன்னைக்கு முழுசா இருந்திருக்குமே ஐயா" என்றார்.

முகத்துக்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் சொன்னது சரிதான், பெட்டியில் இருந்திருந்தால் துணி முழுசாக இருந்திருக்கும். முற்றத்துக்குக் குறுக்கே சுவரும் முழுசாக இருந்திருக்கும். விரித்த துணி இருபத்தேழு வருஷம் தாங்கியது. இரண்டு வீட்டு ஆட்களும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, முழங்காலால் தேய்த்துத் தேய்த்துத்தான் தீர்த்தோம்.